அரசியல் தன்வரலாற்றை அயலார்தாம் சரியாகப் படிக்கிறார்களா?

14 அக்டோபர் 2023

ஒரு கருத்தை முன்வைக்கிறேன், மறுக்க விரும்புவோர் மறுக்கலாம். ஓர் அரசியல் தலைவரின் தன்வரலாற்றை அவருடைய நாட்டினரைவிட அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்தாம் சரியாகப் படிக்கிறார். சொந்த நாட்டினருக்கு அவர் பணத்தாளிலும் தெருப்பெயரிலும் இருக்கிறார். அவருடைய புத்தகத்தைத் திறக்கும்போதே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் திறக்கிறார்கள்.

முப்பத்தோர் ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற நான், இந்த ஆண்டு மார்ச் மாதம் திருநெல்வேலியிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனிக்கு, மகன் வீட்டோடு வந்து சேர்ந்தேன். பக்கத்துப் பொது நூலகத்தில் மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை மாலை புத்தகம் பேசும் குழு ஒன்று கூடுகிறது. இந்த ஆண்டு பழைய அரசியல் தன்வரலாறுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது பேரில் என்னைத் தவிர மற்ற எண்மரும் இங்கேயே பிறந்தவர்கள்.

முதல் புத்தகம் யுலிசீஸ் கிராண்ட் எழுதியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படைகளை நடத்தி வென்றவர், பின்னர் 1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர், இன்று ஐம்பது டாலர் தாளில் இருப்பவர். அந்தப் போருக்கு எங்கள் பாடநூலில் அரைப்பக்கம் இருந்தது. அதற்கு ஐந்து மதிப்பெண் வினா ஒன்றுதான் கேட்க முடியும். புத்தகத்தின் முதல் வாக்கியம், தம் குடும்பம் அமெரிக்கக் குடும்பம் என்றும், பல தலைமுறைகளாக, நேர்க்கிளையிலும் பக்கக்கிளையிலும் அப்படியே இருந்து வருவதாகவும் சொல்கிறது. எண்மரும் அந்த வாக்கியத்தைக் கடந்து போய்விட்டார்கள். ஏழு மாதங்களுக்கு முன்னால் விமான நிலையத்தில் பத்து விரல் ரேகையையும் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவளுக்கு அதைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. ஒரு மனிதர் சாகும் தறுவாயில் எழுதத் தொடங்கிய புத்தகத்தின் முதல் சொற்களில் ஏன் இதை நிறுவ வேண்டும்?

கூட்டத்தில் நான் எழுப்பிய கேள்வி வேறு. 1862 டிசம்பரில் கிராண்ட் தம் ஆளுகையில் இருந்த படைப்பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரும் 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று பதினோராம் எண் ஆணை பிறப்பித்தார். பருத்திக் கள்ளவணிகத்தைத் தடுப்பதற்காக என்று சொல்லி ஒரு சமூகம் முழுவதையும் பிடித்தார். சில வாரங்களில் லிங்கன் அந்த ஆணையை ரத்துச் செய்தார். இரண்டு பெரிய தொகுதிகளில் அந்த ஆணை எங்கே? சொல்லடைவைப் புரட்டினார்கள், இல்லை. எட்டாண்டுக் குடியரசுத் தலைமையும் அநேகமாக இல்லை. மூவர் அந்த ஆணையைப் பற்றி முதல் தடவையாக அன்றுதான் கேள்விப்பட்டதாகச் சொன்னார்கள்.

பெருமிதத்தோடு வீடு திரும்பினேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

15 அக்டோபர் 2023

எண்மரும் கடந்து போய்விட்டார்கள் என்று எழுதியது தவறு. குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். நான் தாளில் அந்த முதல் வாக்கியத்தை எழுதி அடிக்கோடு இட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தம் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அவரும் அதே வாக்கியத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அவருடைய பாட்டனார் போலந்திலிருந்து கப்பலில் வந்தவராம். அப்படியானால் மூன்று தலைமுறை கடந்தும் ஒருவர் அயலாராகவே படிக்கலாம் போலும். என் கருத்துக்கு இது ஆதரவா எதிர்ப்பா என்று எனக்கே விளங்கவில்லை.

23 அக்டோபர் 2023

பெயரைப் பற்றி ஒரு சிறு விலகல். கிராண்டின் இயற்பெயர் ஹைரம் யுலிசீஸ். 1839-இல் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரிக்கு அவரைப் பரிந்துரைத்த நாடாளுமன்ற உறுப்பினர் விண்ணப்பத்தில் யுலிசீஸ் எஸ். கிராண்ட் என்று தவறாக எழுதிவிட்டார். அலுவலகத்தில் ஏறிய பெயர் இறங்கவில்லை. அந்த 'எஸ்' என்ற எழுத்துக்கு விரிவே கிடையாது.

தமிழர் யாருக்கும் இந்தக் கதையைக் கேட்டால் சிரிப்புக்கு முன்னால் பெருமூச்சுத்தான் வரும். என் பெயருக்கு முன்னால் ஓரெழுத்தாய் அடங்கியிருந்த தந்தையார், கடவுச்சீட்டில் விரிந்து, நூலக அட்டையில் குடும்பப் பெயராகிவிட்டார். குழுவில் முதல் இரண்டு மாதங்கள் என்னை என் தந்தையாரின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். நான் எழுபது வயதுத் தபால்காரரைப் பெயர் சொல்லி அழைக்க வாய் வராமல் 'சார்' என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

10 நவம்பர் 2023

இரண்டாவது கூட்டத்தில் அந்தப் புத்தகம் எப்படி உருவானது என்பதைப் பற்றியே பெரும்பகுதி பேசினோம். இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் முதல் குறிப்பில் நான் காட்டிய கண்டிப்பு இதைக் கேட்டபின் சற்றுத் தளர்ந்தது.

1884 மே மாதம் கிராண்ட் பங்குதாரராக இருந்த நிதி நிறுவனம், பெர்டினாண்ட் வார்ட் என்ற கூட்டாளியின் மோசடியால் வீழ்ந்தது. கையிருப்பு முழுவதும் போயிற்று. அந்தக் கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கியபோது தொண்டையில் எரிச்சல் கண்டது. இலையுதிர் காலத்தில் அது புற்றுநோய் என்று தெரிந்தது. மனைவி ஜூலியாவுக்கு விட்டுச் செல்ல ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் எழுத உட்கார்ந்தார். ஒரு மாத இதழுக்காகத் தொடங்கியதைப் புத்தகமாகத் தம் பதிப்பகத்துக்குத் தரும்படி மார்க் ட்வைன் வந்து கேட்டார். பழைய போர்வீரர்கள் வீடு வீடாகச் சென்று முன்பதிவு பிடித்தார்கள். 1885 ஜூலையில் எழுதி முடித்த சில நாட்களில், 23ஆம் தேதி கிராண்ட் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலியாவுக்கு வந்த முதல் காசோலையே இரண்டு லட்சம் டாலர். மொத்தம் சுமார் நாலரை லட்சம் வரை கிடைத்தது.

ஒருவர் இதைப் புத்தகக் கடை வரவுசெலவு என்றார். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. குடும்பத்தலைவன் வாங்கிய கடனை அடைக்க நிலத்தை விற்பதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே விற்பதற்கு எஞ்சியிருந்த ஒரே நிலம் அவருடைய ஞாபகம்.

அவர் எழுதவே இல்லை, உதவியாளராக இருந்த ஆடம் பாடோ எழுதிக் கொடுத்தார் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு செய்தித்தாள் எழுதிற்று. இன்றும் சிலர் ட்வைன் எழுதிக் கொடுத்தார் என்கிறார்கள். கையெழுத்துப்படி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது, அதன் பெரும்பகுதி கிராண்டின் கையால் எழுதப்பட்டது.

இனி எனக்கு மிகப் பிடித்த செய்தி. கடைசி வாரங்களில் குரல் போய்விட்டதால் மருத்துவர்களோடு துண்டுச்சீட்டில் எழுதியே பேசினார். அந்தச் சீட்டுகளில் ஒன்றில், தாம் தன்மை இடப்பெயர் அல்ல, ஒரு வினைச்சொல் என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறார். இருப்பது, செய்வது, துன்புறுவது என்று வினைச்சொல் எவற்றையெல்லாம் குறிக்குமோ அவை மூன்றும் தாமே என்கிறார். குழுவில் இதை ஆங்கில இலக்கண நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு மெல்லச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தமிழில் 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' என்று தனியாக ஒருவர் வந்து நிற்க வேண்டியதில்லை. வினைமுற்றின் விகுதிக்குள் அவர் அடங்கிவிடுகிறார். கம்பனின் அனுமன் இராமனிடம் வந்து முதல் சொல்லாகக் 'கண்டனென்' என்கிறான். காண்பதும் காண்பவனும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறார்கள். கிராண்ட் அந்தச் சீட்டில் கேட்டது அப்படி ஒரு மொழியைத்தான் என்று எனக்குப் பட்டது.

இதைக் கூட்டத்தில் சொல்ல முயன்றேன். 'விகுதி' என்பதை விளக்குவதற்குள் நேரம் முடிந்து நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

12 நவம்பர் 2023

எழுத மறந்தது. தெற்கின் படைத்தலைவர் லீ சரணடைவதற்கு முந்தின இரவு முழுவதும் கிராண்டுக்குக் கடுமையான தலைவலி. வெந்நீரில் கால் வைத்தார், கடுகுப் பற்றுப் போட்டார், கேட்கவில்லை. மறுநாள், 1865 ஏப்ரல் 9, லீ அனுப்பிய கடிதத்தைப் பார்த்த நொடியில் வலி போய்விட்டது என்கிறார். லீ புத்தம் புதிய சீருடையில் வாளோடு வந்திருக்கிறார், கிராண்ட் சாதாரணச் சிப்பாய்ச் சட்டையில் போய் நிற்கிறார். பழைய படைவாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகும் நிலை வந்ததாம். அதே பக்கங்களில், லீயின் தரப்பு போரிட்ட நோக்கம் மக்கள் எவரும் போரிட்ட நோக்கங்களிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்று என்றும் எழுதுகிறார். மரியாதையையும் தீர்ப்பையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாத அந்தப் பக்கங்களை நான் மூன்று தடவை படித்தேன். இதற்கு ஐந்து மதிப்பெண் போதாது.

17 டிசம்பர் 2023

இந்த மாதம் கூட்டம் இல்லை. வெளியே முழங்கால் அளவு பனி. போன கூட்டத்தில் அடுத்த புத்தகத்துக்குச் சர்ச்சிலின் இரண்டாம் உலகப் போர் நினைவுகளை ஒருவர் முன்மொழிந்தார். 1953-இல் இலக்கிய நோபல் பெற்றவர் என்பது அவருடைய வாதம். ஆறு தொகுதிகள் என்று கேட்டதும் அறை அமைதியாயிற்று. ஆறு தொகுதிகளில் 1943 வங்கப் பஞ்சத்துக்கு எத்தனை வரி கிடைக்கிறது என்று தேடுவதற்கே ஒரு பூதக்கண்ணாடி வேண்டும் என்றேன். நான் சொன்ன தோரணையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மறைத்து வைப்பதைப் பற்றிய பேச்சு அப்படியே அபுல் கலாம் ஆசாத்திடம் போயிற்று. அவருடைய நூல் 1959-இல் வந்தபோது சுமார் முப்பது பக்கங்களை உறையிலிட்டு முத்திரை வைத்து, முப்பது ஆண்டுகள் கழித்தே திறக்க வேண்டும் என்று கல்கத்தா தேசிய நூலகத்திலும் டில்லி ஆவணக் காப்பகத்திலும் வைத்தார்கள். புத்தகம் வந்ததிலிருந்து முப்பதாண்டு கணக்கிட்டு 1989-இல் திறந்தார்கள்.

18 டிசம்பர் 2023

நேற்று எழுதிய ஆண்டு தவறு. முப்பதாண்டுக் கணக்கு புத்தகம் வந்த நாளிலிருந்து அல்ல, ஆசாத் இறந்த 1958 பிப்ரவரியிலிருந்து. முத்திரை உடைந்தது 1988-இல். வரலாற்று ஆசிரியை இப்படி எழுதினால் மாணவர்கள் என்ன ஆவார்கள் என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி.

உறைக்குள்ளிருந்து வெடிகுண்டு வரும் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தவை, நேரு முதலிய தோழர்கள்மீது ஆசாத் வைத்த மேலும் சில வெளிப்படையான விமர்சனங்கள். முத்திரைதான் அந்தப் பக்கங்களுக்கு எடை சேர்த்திருந்தது.

12 ஜனவரி 2024

நேருவின் தன்வரலாறு என்று முடிவாகிவிட்டது. நானே நடத்த வேண்டுமாம். இங்கே 1941-இல் நியூயார்க்கில் வேறு தலைப்பில் வந்த பதிப்பு நூலகத்தில் இருக்கிறது. நான் ஊரிலிருந்து துணிகளுக்கிடையில் வைத்துக் கொண்டுவந்த என் பழைய படியையே வைத்துக்கொள்கிறேன். கல்லூரியில் வாங்கியது, இரண்டு தடவை பைண்டு செய்தது. இந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரியாத பக்கம் இல்லை.

9 பிப்ரவரி 2024

மேலே உள்ள கடைசி வாக்கியத்தை எழுதியவளை இப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

நல்ல முறையில்தான் தொடங்கினேன். 1934 ஜூனிலிருந்து 1935 பிப்ரவரி வரை சிறையிலேயே எழுதப்பட்டது, 1936-இல் லண்டனில் வெளியானது, நாற்பத்தைந்து வயதில் எழுதியது, அதாவது பிரதமராவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, முடிவு தெரியாமல் எழுதியது என்றெல்லாம் சொன்னேன். வெற்றி பெற்றபின் எழுதிய கிராண்டையும் நடுவழியில் நின்று எழுதிய நேருவையும் ஒப்பிட்டேன். தலையாட்டிக் கேட்டார்கள்.

தபால்காரர் கையைத் தூக்கினார். ஆறாவது இயலின் தலைப்பில் திருமணமும் இமயமலையில் ஒரு சாகசமும் என்று இரண்டு விஷயங்கள் இருக்கின்றன என்றார். திருமணம் 1916-இல் டில்லியில் நடந்தது, வசந்த பஞ்சமி நாள், அவ்வளவுதான். அடுத்து அந்தக் கோடையில் குடும்பத்தைக் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு ஒன்றுவிட்ட சகோதரரோடு மலையேறப் போய்விடுகிறார். சோஜிலா கணவாய்க்கு அப்பால் அமர்நாத் குகையை நோக்கிப் போகும் வழியில் பனிப்பிளவு ஒன்றில் விழுந்து, கயிறு தாங்கியதால் பிழைக்கிறார். மலைக்குப் பத்தி பத்தியாக இடம் கொடுத்தவர் மணத்துக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறார் என்றார் தபால்காரர். பிறகு சிறிது தயங்கி, மணமகளின் பெயரைக் காணோமே என்றார்.

அறையில் சிரிப்பு. எனக்கு முகம் சூடேறிவிட்டது. நூலின் இறுதிப் பகுதியில் கமலாவைப் பற்றி எவ்வளவு உருக்கமாக எழுதியிருக்கிறார் தெரியுமா என்று தொடங்கினேன். போவாலி மருத்துவமனையில் காசநோயோடு அவர் கிடந்ததையும், அருகில் இருக்கட்டும் என்று நேருவை அல்மோரா சிறைக்கு மாற்றியதையும் சொன்னேன். புத்தகம் அச்சிலிருக்கும்போதே 1936 பிப்ரவரியில் கமலா சுவிட்சர்லாந்தின் லொசானில் இறந்ததையும், ஊர் திரும்பும் வழியில் பாக்தாத்திலிருந்து லண்டன் பதிப்பகத்துக்குத் தந்தியடித்து நூலை 'இப்போது இல்லாத கமலாவுக்கு' என்று காணிக்கையாக்கியதையும் சொன்னேன். பக்க எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மேசையைச் சுற்றி யாரும் குறுக்கே பேசவில்லை.

கூட்டத்தை ஒருங்கிணைக்கும் நூலகர் அம்மையார் மிகுந்த கனிவோடு, அக்டோபரில் நீங்கள் எங்களிடம் அந்த ஆணை எங்கே என்று கேட்டீர்கள், நாங்கள் சொல்லடைவைப் புரட்டினோம், இன்றைக்கு நாங்கள் மணமகளின் பெயர் எங்கே என்று கேட்டால் நீங்கள் வேறு பக்கங்களைக் காட்டுகிறீர்கள் என்றார்.

நாற்பது ஆண்டுகளாக அந்த இயலைப் படித்து வந்திருக்கிறேன். அந்த வரிகளில் பெயர் இல்லை என்பது ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் படிக்கும்போதே அந்தப் பெயரை நானே போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன்.

11 பிப்ரவரி 2024

இரண்டு நாள் யோசித்தபின் எழுதுகிறேன். முதல் குறிப்பில் வைத்த கருத்து பொய்த்துவிட்டது என்று யாராவது சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது பொய்க்கவில்லை, என்மீதே பாய்ந்துவிட்டது. சொந்த நாட்டினர் கும்பிடு போட்டுவிட்டுத் திறக்கிறார்கள் என்று எழுதினேன் அல்லவா, நேருவின் புத்தகத்தைத் திறந்த என் கைகள் எப்படி இருந்தன என்பதை அறையில் இருந்த எட்டுப் பேரும் பார்த்துவிட்டார்கள். வயதான காலத்தில் நாடு மாறி வந்த ஒருவர் இரண்டு நாற்காலிகளில் மாறி மாறி உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் குற்றம் சாட்டுபவர், மறுமாதம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

நேருவே முன்னுரையில் இதைத் தொட்டிருக்கிறார். வாசகர் என்று யாரையாவது நினைத்திருந்தால் அது தம் நாட்டவரைத்தான் என்றும், அயல்நாட்டு வாசகருக்காக என்றால் வேறு அழுத்தங்களோடு எழுதியிருக்கக்கூடும் என்றும் சொல்கிறார். இந்த வரியை நான் கூட்டத்தில் தற்காப்பாகப் பயன்படுத்தியிருக்கலாம். நல்லவேளை, அப்போது நினைவுக்கு வரவில்லை. தம் நாட்டவருக்கு எழுதினார் என்றால், தம் மனைவியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணும் அளவுக்கு அவருடைய நாட்டவர் பழகியிருந்தார்கள் என்றுதானே ஆகிறது? என் பாட்டனார் என் பாட்டியைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. 'ஏய்' என்றோ 'இங்கே பார்' என்றோதான் அழைப்பார். ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவருடைய அந்த வரிகளில் நான் கேட்டது என் பாட்டனாரின் குரலை.

இதற்கு எதிராக ஒன்று. கிராண்ட் தம் காதலைப் பற்றி எழுதுகிறார். ஜூலியாவைப் பார்க்கப் போகும் வழியில் கிராவாய் ஓடையில் வெள்ளம். புறப்பட்டபின் பாதியில் திரும்புவதில்லை என்பது அவருக்கு ஒரு மூடநம்பிக்கையாம். குதிரையோடு நீரில் இறங்கி, தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்து, வருங்கால மைத்துனரின் உடைகளைக் கடன் வாங்கி உடுத்திக்கொண்டு தம் மனத்தைச் சொல்லியிருக்கிறார். பீரங்கிகளுக்கு நடுவில் அந்தப் பத்தி கிடக்கிறது. ஆகவே காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் இடமில்லை.

3 மார்ச் 2024

லக்னோ சிறையில் நேரு அசையாமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது அணில் காலில் ஏறி முழங்காலில் உட்கார்ந்துகொண்டு அவர் முகத்தைப் பார்க்குமாம். கண்ணோடு கண் சந்தித்தபின்தான் இது மரமல்ல என்று தெரிந்து ஓடிவிடுமாம். இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுப் பின்கட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். இந்த ஊர் அணில்கள் முதுகில் கோடு இல்லாமல் பூனைக்குட்டி அளவு இருக்கின்றன. ஒன்றும் வரவில்லை. குளிர் ஐந்து டிகிரி, நானும் பத்து நிமிடத்துக்கு மேல் மரமாக இருக்க முடியவில்லை.

15 மார்ச் 2024

இரண்டாவது நேரு கூட்டம். இம்முறை பக்க எண்களை எடுத்துச் செல்லவில்லை.

1923-இல் நாபா சமஸ்தானத்துக்குள் நுழைந்ததற்காக ஜைத்தோவில் நேருவையும், கித்வானியையும், கே. சந்தானத்தையும் கைது செய்கிறார்கள். சந்தானத்தின் ஒரு கையையும் நேருவின் ஒரு கையையும் ஒரே விலங்கில் பூட்டித் தெருவில் நடத்திச் செல்கிறார்கள். சங்கிலியில் பிடித்து இழுத்துச் செல்லும் நாயின் நினைவு வந்தது என்கிறார் நேரு. பிறகு நெரிசலான மூன்றாம் வகுப்புப் பெட்டியில் விலங்கு கழற்றாமலே இரவுப் பயணம். அதன்பின் நாபா சிறை, வேடிக்கையான ஒரு விசாரணை.

குழு இந்த இயலை நகைச்சுவை நாடகமாகவே படித்து ரசித்தது. அதில் தவறில்லை, நேருவே அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த விலங்கின் மறுமுனையில் இருந்தவரை எவரும் கேட்கவில்லை. இந்தத் தடவை அந்த இடத்தில் நின்றவள் நான். அவர் தஞ்சைப் பகுதித் தமிழர், வழக்கறிஞர் தொழிலை ஒத்துழையாமைக்காக விட்டவர், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர், பிறகு ரயில்வே துறை இணையமைச்சர், விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநர், இரண்டாவது நிதி ஆணையத்தின் தலைவர் என்று சொன்னேன். ஊழல் தடுப்புக்காக அமைந்த குழுவுக்கு அவர் தலைமை ஏற்றதையும், அதன் பரிந்துரையால் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்ததையும் சொன்னேன். இந்தியாவில் அரசு ஊழியராக இருந்த எவருக்கும், நான் உட்பட, அந்த ஆணையத்தின் பெயர் சுற்றறிக்கைகளில் பழக்கம். அதற்குப் பின்னால் நின்ற மனிதர் ஓர் இரவு முழுவதும் நேருவோடு ஒரே விலங்கில் பூட்டப்பட்டிருந்தார் என்பதை நான் ஒருநாளும் இணைத்துப் பார்த்ததில்லை.

தபால்காரர் தம் கையையும் பக்கத்தில் இருந்தவரின் கையையும் ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி, இப்படி இருந்தால் புத்தகத்தின் பக்கத்தை எப்படித் திருப்புவது என்று செய்து காட்டினார். பக்கம் கிழிந்தது. நூலகர் அம்மையார் பார்க்காததுபோல இருந்தார்.

ஆகவே முதல் குறிப்பின் கருத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன். அயலார் இல்லாததைக் காண்கிறார்கள். ஆனால் இருந்தும் பேசாமல் நிற்பவரை அடையாளம் காண ஊர்க்காரர் வேண்டியிருக்கிறது. எல்லா நூல்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பார்த்தது இரண்டு நூல்கள்தாம்.

12 ஏப்ரல் 2024

உங்கள் மொழியிலேயே எழுதிய அரசியல் தன்வரலாறு உண்டா என்று கேட்டிருந்தார்கள். திரு. வி. க.வைச் சொல்லியிருக்கலாம். திருநெல்வேலிக்காரி ஆதலால் வ. உ. சி.யைச் சொன்னேன். சுதேசிக் கப்பல் நிறுவனம் நடத்தியவர், 1908-இல் இரண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டவர், மேல்முறையீட்டில் அது குறைந்து 1912 டிசம்பரில் விடுதலையானவர், கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் என்று சொல்லிவிட்டு, அவர் தன்வரலாற்றைச் செய்யுளில் எழுதினார் என்றேன். செய்யுளிலா என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அகவல், நம்மவருக்குக் கதை சொல்ல ஏற்ற பா என்றேன்.

ஒரு பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். பரிதாபமாக இருந்தது. தமிழ் வினைமுற்றுக்குள் ஒளிந்திருந்த 'நான்' ஆங்கிலத்தில் வரிக்கு வரி வெளியே வந்து மார்தட்டி நின்றது. அடக்கமாகப் பேசிய மனிதர் என் மொழிபெயர்ப்பில் தற்பெருமைக்காரராகிவிட்டார். அப்போதுதான் நவம்பரில் பாதியில் விட்ட விகுதிக் கதை கைகொடுத்தது. வெள்ளைப் பலகையில் 'சென்றேன்' என்று எழுதி, கடைசி எழுத்துகளைச் சுற்றி வட்டமிட்டு, இதோ இவர்தான் அந்த 'நான்' என்றேன். நூலகர் அம்மையார் கிராண்டின் அந்தத் துண்டுச்சீட்டை நினைவுபடுத்தினார். நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். ஐந்து மாதம் தாமதமானாலும் பாடம் முடிந்தது.

26 மே 2024

கிராண்ட் இறந்த வீட்டைப் பார்க்கக் குழுவாகப் போனோம். ஆல்பனிக்கு வடக்கே, சரடோகாவைத் தாண்டி மக்ரிகர் மலைமேல் இருக்கிறது. 1885 ஜூன் நடுவில் இங்கே வந்து, ஐந்து வாரங்கள் மட்டுமே இருந்தார். படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் இரண்டு தோல் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு அதிலேயே இரவும் பகலும் இருந்திருக்கிறார். அந்த நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. இறுதிச்சடங்குக்கு வந்த மலர் அமைப்புகள் பழுப்பேறிக் காய்ந்து நிற்கின்றன. அவர் இறந்த நேரத்தில் மகன் நிறுத்திய கடிகாரம் எட்டு மணி எட்டு நிமிடத்தைக் காட்டுகிறது. நம் ஊரில் இறந்தவரின் பொருள்களை இப்படி வைத்திருக்க மாட்டார்கள், பதினாறு முடிந்ததும் பாதியைக் கொடுத்துவிடுவார்கள். முதலில் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வாசல் திண்ணைக்கு வந்தபின் சரியாயிற்று. இங்கே உட்கார்ந்துதான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு திருத்தங்கள் எழுதினார்.

இதே வளாகத்தை ஒட்டி அண்மைக்காலம் வரை ஒரு சிறைச்சாலை இருந்தது, 2014-இல் மூடினார்கள். வேலியும் கட்டடங்களும் தெரிகின்றன. நேரு இருந்த ஊர்களின் பெயர்களைத் தபால்காரர் வரிசையாகச் சொல்லிக் கேட்டார், டேராடூன், அல்மோரா, நைனி. உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே நடந்தேன்.

முதல் வாக்கியத்தைப் பற்றி அக்டோபரில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை எழுதவில்லை என்று மகன் நினைவுபடுத்துகிறான். கடன்பட்டு, நோயுற்று, பிழைப்புக்காகத் தன் வாழ்க்கையை அந்நியர்களிடம் விலைக்குக் கொடுக்க வேண்டிய நிலையில் இருந்தவர், முதலில் தான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டார் என்று இப்போது படிக்கிறேன். அக்டோபரில் அது கதவை அடைப்பதுபோலக் கேட்டது. இரண்டும் சரியாக இருக்கலாம்.

ஜூனுக்கு ஜூலியா கிராண்ட் எழுதிய நினைவுகள். கணவர் இறந்தபின் எழுதினார், அச்சேறியது 1975-இல்தான். கணவர் விட்டுவிட்ட அந்தப் பதினோராம் எண் ஆணையை மனைவி தம் நூலில் கடிந்து குறிப்பிட்டிருக்கிறாராம். நூலகத்தில் இருப்பது ஒரே படி. அது இப்போது தபால்காரரிடம் இருக்கிறது, அவர் மெதுவாகப் படிப்பவர்.